ஊர் தெரிந்தவர்களுக்கு ஊரை வரைந்து விற்பது

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு வாட்டர்கலரில் நிலக்காட்சி வரைகிறேன். தாமிரபரணிக் கரை, அம்பாசமுத்திரம் பக்கத்து வயல்கள், சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காடு என்னும் செம்மணல் காடு, அவ்வளவுதான் என் எல்லை. ஒரிஜினல் ஓவியங்கள் எப்போதாவதுதான் விலைபோகும். வீட்டுச் செலவைத் தாங்குவது அவற்றின் பிரிண்ட்கள். இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் ஆர்டர் எடுத்து, அச்சடித்து, பார்சல் கட்டி அனுப்புகிறேன். இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் எந்தப் பிரிண்டர் நல்லது, ஃபாலோயர்களை எப்படி ஏற்றுவது என்றுதான். அதற்கெல்லாம் முன்னால், வாங்குகிறவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

என்னிடம் வாங்குகிறவர் அநேகமாக அந்த ஊர்க்காரர். படிப்புக்கோ வேலைக்கோ ஊரை விட்டுப் போய் சென்னை, பெங்களூரு, துபாய், பஹ்ரைன் என்று இருப்பவர். அழகான மலையும் ஆறும் படகும் வேண்டுமென்றால் அவருக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும்; என்னைத் தேடி வர வேண்டியதில்லை. 'குறுக்குத்துறை, வெள்ளம் வடிந்த மறுநாள்' என்று ஒரு படம் போட்டால் நிலைமை வேறு. ஆற்றுக்குள் நிற்கும் அந்த முருகன் கோயிலைச் சின்ன வயதில் வெள்ளத்தில் பார்த்தவர், அங்கே குளித்தவர், அப்பாவின் தோளில் உட்கார்ந்து போனவர் எல்லோரும் நின்று பார்ப்பார்கள். அதில் சிலர் விலை கேட்பார்கள். 'மௌனம்', 'காலை ஒளி' என்றெல்லாம் பெயர் வைத்த படங்களுக்கு இதயக்குறி நிறைய விழும், ஆர்டர் வராது. அதனால் தலைப்பில் ஊர்ப் பெயர், துறையின் பெயர், முடிந்தால் மாதமும் இருக்கும்படி வைக்கிறேன். இணையத்தில் தேடுகிறவரும் ஊர்ப் பெயரைத்தானே அடிப்பார்.

இடம் தெரிந்தவர் வாங்குகிறார் என்றால் அவர் சரிபார்ப்பார் என்றும் அர்த்தம். தாமிரபரணி மேல் நிற்கும் சுலோசன முதலியார் பாலத்தை வரைய உட்கார்ந்தால் முதலில் வளைவுகளை எண்ணிக் குறித்துக்கொள்கிறேன். 1843இல் திறந்த பாலம், நெல்லைக்காரர் ஒவ்வொருவருக்கும் அது மனப்பாடம். படத்தின் அமைப்புக்காக ஒரு வளைவைக் குறைத்தால் ஓவியமாக ஒன்றும் குறையாது, ஆனால் அந்தப் படம் அவருடைய பாலம் இல்லை. குளத்தின் மடை எந்தப் பக்கம், ஆலமரம் கோயிலுக்கு வடக்கா தெற்கா, பின்னால் தெரியும் மலையின் முகடு எப்படி இறங்குகிறது என்பதெல்லாம் அப்படித்தான். மேகத்தையும் மனிதர்களையும் இஷ்டப்படி நகர்த்துகிறேன். மலை முகட்டைத் தொடமாட்டேன்.

இருந்த மரத்தை வரைவதா, இப்போது இருப்பதை வரைவதா என்ற கேள்வி அடிக்கடி வரும். சாத்தான்குளத்துக்காரர் ஒரு அம்மா, இப்போது மகனோடு ஓசூரில் இருக்கிறார், போனில் கேட்டார்: "தம்பி, அந்தக் கிணத்துப் பக்கத்துல வரிசையா பனை நின்னுச்சே, இன்னும் நிக்கா?" பாதி நிற்கிறது என்றேன். "அப்போ நிக்கிறத மட்டும் போடுங்க. இல்லாதத போட்டா பார்க்கப் பார்க்க வருத்தமா இருக்கும்" என்றார். எல்லோரும் அப்படி இல்லை. இடிந்துபோன வீட்டை முழுசாக வரையச் சொல்கிறவர்களும் உண்டு. அது தனி வேலை, தனி விலை. பழைய போட்டோ இல்லாமல் ஒப்புக்கொள்வதில்லை. பிரிண்ட் போடும் படங்களுக்கு என் வழக்கம், கண் முன்னால் இருப்பதை வரைந்து பின்பக்கம் மாதமும் வருஷமும் எழுதிவிடுவது.

இனி நிறத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தேரியைப் பார்த்திராதவர்களுக்கு: திருச்செந்தூர், சாத்தான்குளம், திசையன்விளை சுற்றுவட்டாரத்தில் மைல் கணக்கில் சிவப்பு மணல் மேடுகள். மணல் துகளைச் சுற்றி இரும்பு ஆக்ஸைடு படிந்திருப்பதால் அந்தச் சிவப்பு. நடுவே பனை, முந்திரி, உடைமரம். வாட்டர்கலரில் இதற்கு நான் எடுப்பது லைட் ரெட், பர்ன்ட் சியன்னா. இரண்டுமே இரும்பு ஆக்ஸைடுதான். தட்டில் கரைப்பதும் அங்கே காலடியில் கிடப்பதும் ஒரே சரக்கு என்பதால், தாளில் தேரி தானாகவே பொருந்திவிடும். சிக்கல் அச்சில்தான் தொடங்குகிறது. பிரிண்டரில் இரும்பு ஆக்ஸைடு மை கிடையாது. மஜந்தாவையும் மஞ்சளையும் கொஞ்சம் கறுப்பையும் புள்ளி புள்ளியாக வைத்து அந்தச் சிவப்பைக் கட்டுகிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் ஒரிஜினலும் பிரிண்டும் ஒன்றுபோல இருக்கும். அதே இரண்டையும் டியூப்லைட்டுக்குக் கீழே கொண்டுபோனால் பிரிண்ட் மட்டும் ரோஸ் அடிக்கும். மஞ்சள் பல்புக்குக் கீழே ஆரஞ்சாகும். மை வேறு, மண் வேறு. வெளிச்சம் மாறும்போது இரண்டும் ஒரே மாதிரி மாறாது.

திசையன்விளைக்காரர் ஒருவர் வீடியோ காலில் ப்ரூஃபை, அதாவது சோதனை அச்சை, பார்த்துவிட்டு, "இது சாயங்காலத் தேரியா, மத்தியானத் தேரியா?" என்றார். நான் வரைந்தது முற்பகல் பத்து மணித் தேரி. அவர் பார்த்தது ரோஸ் கலந்த சிவப்பு, அது அவருக்கு அந்திப்பொழுது. போன் திரை ஒரு பங்கு மாற்றியிருக்கும்தான், ஆனாலும் என் கையில் இருந்த தாளிலேயே மஜந்தா தூக்கலாக இருந்தது. செருப்பில்லாமல் அந்த மணலில் நடந்து பள்ளிக்கூடம் போனவரிடம் பேசும்போது, கலர் சார்ட்டை விட அவர் சொல்வதுதான் எனக்குக் கணக்கு.

அதனால் புதுப் படம் எதுவானாலும் முழு அளவில் அச்சடிப்பதற்கு முன்னால் துண்டு ப்ரூஃப் எடுக்கிறேன். படத்தில் நிறம் கஷ்டமான ஒரு பகுதியை, தேரி என்றால் மணலும் பனையின் நிழலும் சேர்கிற இடத்தை, பட்டையாக வெட்டி, மஜந்தாவைச் சிறிது சிறிதாகக் குறைத்த நாலைந்து வகைகளை ஒரே ஏ4 தாளில் அடுக்கி அடித்துப் பார்ப்பது. நிழலைக் கவனிக்க வேண்டும். வெயிலில் அந்தச் சிவப்பு மணல் மேல் விழும் நிழல் ஊதா சாயலில் இருக்கும். அச்சில் அது நீலத்துக்குத் தாவப் பார்க்கும். நிழலைச் சரிசெய்யப் போனால் மணல் பழுப்பாகும். மணலையும் நிழலையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துத் திருத்த வேண்டியிருக்கும். ஜன்னலருகே, டியூப்லைட்டில், வெள்ளை எல்இடி பல்பில் என மூன்று இடத்திலும் பார்க்கிறேன். நம் வீடுகளின் ஹாலில் எரிவது பெரும்பாலும் வெள்ளை எல்இடிதான், ஆகவே கடைசி முடிவு அந்த வெளிச்சத்தில்.

பச்சைக்கும் இதே கவனம் வேண்டும். அம்பாசமுத்திரம் பக்கம் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல். நாற்றங்காலின் பச்சையில் மஞ்சள் ஏறி, ஒளியே அதிலிருந்து வருவதுபோல இருக்கும். கம்ப்யூட்டர் திரையில் அந்தப் பச்சை ஜொலிக்கும், தாளில் மங்கும். திரையின் பிரகாசத்தைப் பாதிக்கு இறக்கி வைத்து வேலை செய்தால் இந்த ஏமாற்றம் பெருமளவு குறையும். இணையத்தில் போடும் படமும் அச்சுக்கு நெருக்கமாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். திரையில் பளபளப்பைக் கூட்டினால் நாலு ஆர்டர் கூட வரும், ஆனால் பெட்டியைத் திறந்ததும் அவர் முகம் சுருங்கும். அவர் அப்புறம் திரும்பி வரமாட்டார், ஊர்க்காரர்களிடமும் சொல்லமாட்டார்.

ஸ்கேன் பற்றி. ஏ4 அளவு ஓவியத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி என்று ஸ்கேன் செய்தால், 300 புள்ளியில் ஏ2 வரை அடிக்கலாம். ஏ3 அச்சுக்கு 3508க்கு 4961 பிக்சல் தேவை. பெரிய ஓவியம் என்றால் பகுதி பகுதியாக ஸ்கேன் செய்து சேர்க்க வேண்டும். ஸ்கேனரில் உள்ள தானியங்கித் திருத்தம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வானத்தில் நாம் பார்த்துப் பார்த்துப் பூசிய மெல்லிய வாஷை, அதாவது தண்ணீராகக் கரைத்த வண்ணப் பூச்சை, அது அழுக்கு என்று நினைத்து வெளுத்துவிடும். ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து விழுவதால் சொரசொரப்பான தாளின் மேடு பள்ளம் நிழலாகப் பதியும். ஒருமுறை ஸ்கேன் செய்து, ஓவியத்தைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு முறை ஸ்கேன் செய்து, இரண்டையும் கலந்தால் அந்த நிழல் அடங்கும். பளீர் என்று மின்னும் ஃப்ளோரசென்ட் ரோஸ் வகை வண்ணங்களைத் தொடாதீர்கள். அவை ஸ்கேனிலும் வராது, வெளிச்சத்தில் வெளுத்தும் போகும். அலிசரின் கிரிம்ஸனுக்கும் வெளுக்கும் குணம் உண்டு; அந்த இடத்துக்கு நான் குவினக்ரிடோன் சிவப்புகளை வைத்துக்கொண்டேன்.

அச்சுக்கு எனக்குச் சொந்தப் பிரிண்டர் இல்லை. சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் பிக்மென்ட் மையில் (நிறமித் துகள் கலந்த மை), 308 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 308 கிராம் எடையுள்ள, பருத்தித் தாளில் அடித்து வாங்குகிறேன். சாய மையில் அடிப்பது மலிவு, ஆனால் வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கிவிடும். மாதத்துக்கு ஒரு சில பிரிண்ட் விற்கிற காலத்தில் சொந்தமாகப் பிரிண்டர் வாங்க வேண்டாம் என்பதே என் எண்ணம். பயன்படுத்தாமல் கிடந்தால் மை தெளிக்கும் அதன் ஹெட் அடைத்துக்கொள்ளும், சுத்தம் செய்வதிலேயே மை தீரும்.

விலை. ஏ3 பிரிண்ட் 1,800 ரூபாய் என்றால் முதல் பேச்சு, "அண்ணாச்சி, சிவகாசில இந்தக் காசுக்கு நூறு காலண்டர் அடிக்கலாமே" என்பதுதான். இப்படிக் கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. எங்கள் பக்கத்தில் அச்சுப் படம் என்றால் காலண்டர்தான். கோவில்பட்டியில் இருந்து சி. கொண்டையராஜு வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி வீட்டுக்கு வீடு தொங்கின. ஓவியம் ஏழை வீட்டுச் சுவருக்கும் வந்தது அந்த வழியில். அதற்கும் முன்னால் 1894இல் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கியதும் இந்த எண்ணத்தோடுதான். அவர்களுடைய கணக்கு ஆயிரக்கணக்கில் அடித்தால் ஒன்றுக்கு என்ன அடக்கம் என்பது. என்னுடையது ஒன்று, இரண்டு என்று அடிக்கும் கணக்கு. 1,800இல் அச்சும் தாளும் 650, அட்டையும் பெட்டியும் 130, கூரியர் 150 வரை. ப்ரூஃப் செலவையும் உடைந்து திரும்பும் பார்சலையும் எல்லாப் பிரதிக்குமாகப் பரப்பினால் இன்னொரு நூறு. மிச்சம் எழுநூற்றுச் சொச்சத்தில்தான் தேரிக்குப் போய் வந்த பஸ் செலவு, தாள், வண்ணம், என் உழைப்பு. கேட்கிறவரிடம் இந்தக் கணக்கை அப்படியே சொல்லிவிடுகிறேன். சிலர் ஏ4 வாங்கிக்கொள்கிறார்கள். அதுவும் கட்டுபடியாகாதவருக்கு அஞ்சலட்டை அளவில் போட்டு வைத்திருக்கிறேன், ஊர்ப் படம் அவர்கள் கைக்கும் போகட்டும் என்று. தெரிந்தவர், சொந்தக்காரர் என்று விலையைக் குறைப்பதில்லை. ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். ஒருவருக்கு 1,200, இன்னொருவருக்கு 1,800 என்றால் பெயர் கெட்டுவிடும்.

சில படங்களை 50 பிரதி மட்டும் என்று வைத்து, படத்துக்குக் கீழே இடப்பக்கம் பென்சிலில் 7/50 என்று எண்ணும் வலப்பக்கம் கையெழுத்தும் போடுகிறேன். செப்புத் தகட்டில் அச்சிட்ட காலத்தில் தகடு தேயும், அதனால் பிரதிக்கு வரம்பு இருந்தது. கம்ப்யூட்டர் கோப்பு தேயாது. ஆகவே 50 என்பது முழுக்க முழுக்க ஓவியரின் வாக்கு. ஐம்பது முடிந்தபின் அளவை மாற்றி, தாளை மாற்றி மறுபடி விற்பதை நான் ஏற்கமாட்டேன். அதற்கு ஒரு நோட்டு வைத்து, எந்த எண் யாருக்குப் போனது என்று எழுதி வருகிறேன். வரம்பு வேண்டாம் என்று தோன்றினால் தொடக்கத்திலேயே வரம்பில்லாப் பிரதி என்று சொல்லிவிட்டால் போதும்.

பார்சல் கட்டுவது நாள் முழுக்கத் தின்னும் வேலை. ஏ3 தாளின் எடை 40 கிராம் கூட வராது, ஆனால் கூரியர்காரர்கள் பலர் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து, அதையும் ஒரு எடையாக எடுத்துக்கொள்வார்கள். 48க்கு 36க்கு 3 என்ற தட்டைப் பெட்டி ஒரு கிலோவைத் தாண்டிவிடும். 35 சென்டிமீட்டர் நீளக் குழாய் அரைக் கிலோவுக்குள் நிற்கும். பணம் மிச்சம் என்று எல்லாவற்றையும் குழாயில் போட்டால், தடித்த பருத்தித் தாள் சுருள் விடாமல் அடம்பிடிக்கும், குறுகிய குழாயில் மையே விரிசல் விடும். மூன்று அங்குல விட்டத்துக்குக் குறையாமல் குழாய் வாங்குங்கள். ஃபிரேம் கடை பக்கத்தில் உள்ளவருக்குக் குழாய், இல்லாதவருக்குத் தட்டைப் பெட்டி என்று நான் கேட்டே அனுப்புகிறேன். வளைகுடாவில் இருப்பவர்கள் பெரும்பாலும் இங்கே அம்மா வீட்டு முகவரியைக் கொடுப்பார்கள், லீவுக்கு வரும்போது கையோடு எடுத்துப் போவார்கள். அவர்களுக்குக் குழாய்தான் வசதி. படத்தின் மேல் கிளாசின் என்ற வழுவழுப்பான மெல்லிய தாள், அதன் மேல் பிளாஸ்டிக் உறை, உறையின் வாயில் டேப். டேப்பின் பசைப்பக்கம் எங்கும் தாளைத் தொடக்கூடாது. பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுகிறேன். மூலை நசுங்கிப் போய்ச் சேர்ந்தால், யார் கையில் நசுங்கியது என்று வாக்குவாதம் வேண்டியிருக்காது. மாற்றுப் பிரதி அனுப்பிவிடலாம்.

2023 டிசம்பர் 17, 18 மழையை எங்கள் மாவட்டக்காரர்கள் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அதற்குப் பிறகு வீட்டில் தரையில் தாள் வைப்பதே இல்லை. ஒரிஜினல்கள் இடுப்புக்கு மேல் உயரத்தில், சிலிகா ஜெல் போட்ட மூடிய பெட்டியில். ஸ்கேன் கோப்புகள் வீட்டுக்கு வெளியேயும் ஒரு இடத்தில். வெள்ளம் இல்லாவிட்டாலும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், வெள்ளிமீன் பூச்சி தாளை அரிக்கும். அந்த மாதங்களில் இருப்பு அதிகம் வைக்காமல் ஆர்டருக்கு அடிப்பது நல்லது.

வரைவதற்கும் விற்பதற்கும் நாளைப் பிரித்து வைக்காவிட்டால் இரண்டும் கெடும். தேரியில் காலை ஆறிலிருந்து பத்து வரைதான் தூரிகை ஓடும். வெயில் ஏறினால் வாஷ் பூசப் பூசக் காய்ந்துவிடும், தண்ணீர் ஸ்பிரேயோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆனி, ஆடியில் குற்றாலச் சாரலில் இதற்கு நேரெதிர், தாள் காயவே காயாது. வெளியே வரையும் நாளில் போனில் டேட்டாவை அணைத்துவிடுகிறேன். ஆர்டர், பதில், பார்சல் எல்லாம் செவ்வாயும் வெள்ளியும் மட்டும், அதைப் பக்கத்தின் முகப்பிலேயே எழுதியிருக்கிறேன். பங்குனி உத்திரத்தை ஒட்டிய வாரங்கள் விதிவிலக்கு. குலதெய்வம் கும்பிட ஊருக்கு வருகிறவர்கள், தேரிக்கு நடுவே இருக்கும் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையையும் அதற்குப் போகும் பாதையையும் கேட்பார்கள். மாசியிலேயே அச்சுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

இன்ஸ்டாகிராமை விட எனக்கு ஆர்டர் கொண்டுவருவது ஊர் வாட்ஸ்அப் குரூப்கள். யாரோ ஒருவர் போட, அது மாமா, சித்தி, பழைய வாத்தியார் என்று சுற்றும். அப்படிச் சுற்றுகிற படத்தை யாராவது இறக்கி அச்சடித்து மாட்டுவதும் நடக்கிறது. 1080 பிக்சல் அகலத்துக்கு மேல் படம் போடாவிட்டால், தரமாக அடிக்க ஒன்பது சென்டிமீட்டர்தான் தேறும். ஒரு ஜவுளிக்கடை என் வயல் படத்தைப் பைகளில் அடித்து விற்றபோது, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வரைந்தவரின் ஆயுளும் அதற்குப்பின் 60 வருஷமும் உரிமை உண்டு என்று அமைதியாக ஒரு கடிதம் எழுதினேன், நிறுத்திவிட்டார்கள். ஒரிஜினலை விற்றாலும் அச்சடிக்கும் உரிமை நம்மிடமே இருக்கும். இருந்தாலும் பில்லில் ஒரு வரி அதை எழுதிவிடுவது இரு பக்கத்துக்கும் தெளிவு. விரும்பி வரைந்து தரச் சொன்ன படங்களுக்கு இதை முன்பணம் வாங்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

பில் என்றதும் இன்னொன்று. வெளி மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பி விற்றால், வியாபாரம் சின்னது என்ற வரம்புச் சலுகை பொதுவாக உதவாது, ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும். சில கைவினைப் பொருள்களுக்கு விலக்கு உண்டு. பெங்களூருக்கு முதல் பார்சல் போவதற்கு முன்னால் ஒரு ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டை வைக்கிறேன். எந்த இடத்தில் நின்று வரைந்தது, எந்த மாதம், பின்னால் தெரியும் மலை எது என்று நாலு வரி. அதற்குக் கீழே: கண்ணாடி படத்தைத் தொடாமல் நடுவில் மவுண்ட் அட்டை வைத்து ஃபிரேம் போடச் சொல்லுங்கள், சமையலறைச் சுவரும் நேர் வெயில் விழும் சுவரும் வேண்டாம், தேரிப் படம் என்றால் டியூப்லைட்டுக்கு நேர் கீழே மாட்டாதீர்கள்.